'அறிவிக்கப்பட்ட ஒப்புதல்': யார் யாருக்கு அறிவித்தது?

பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யப் போகிறவரிடம் கையெழுத்துக்கு நீட்டும் படிவத்தில் 'அறிவிக்கப்பட்ட ஒப்புதல்' என்ற தலைப்பை இன்னும் எத்தனை முறைதான் பார்ப்பது! விவரம் அறிந்து நோயாளி தரும் சம்மதத்தை ஆங்கிலத்தில் இன்ஃபார்ம்ட் கன்சென்ட் என்பார்கள். அதற்கு இப்படியொரு தமிழ். ஒப்புதலை யாரோ தண்டோரா போட்டு அறிவித்த மாதிரிதான் பொருள் வருகிறது. அறிந்திருக்க வேண்டிய நோயாளியை அதில் காணவே காணோம்.

கன்சென்ட் என்றால் லத்தீனில் சேர்ந்து உணர்தல், சம்மதம் வடமொழியில் ஒத்த கருத்து, நம் ஒப்புதல் 'ஒப்பு' என்பதிலிருந்து வந்தது. ஆக, பின்பாதியில் தகராறு இல்லை. முன்பாதியில்தான் வினை. 'இன்ஃபார்ம்ட்' ஆங்கிலத்தில் ஒப்புதலுக்கு அடைமொழியாக நின்றாலும் குறிப்பது ஒப்புக்கொள்ளும் ஆளை. நம் மொழிபெயர்ப்பாளர்களோ இப்படி ஒரு சொல்லைக் கண்டாலே 'பட்ட' ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

'தகவலறிந்த ஒப்புதல்' பரவாயில்லையே என்பார்கள். தகவலறியும் உரிமைச் சட்டத்தால் காதுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். தகவலை அறிந்தது ஒப்புதலா, ஆளா? அப்புறம், தகவல் வேறு, புரிவது வேறு. 'குடலில் துளை விழலாம்' என்பது தகவல். அது ஆயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் நடக்கும், நடந்தால் அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம், பாலிப் எனும் சதை வளர்ச்சியை எடுத்தால் ரத்தக்கசிவு வரலாம், ஆனால் எடுப்பதுதான் பின்னால் அது புற்றாக மாறாமல் தடுக்கும், இது வேண்டாமென்றால் மலப் பரிசோதனையோ சி.டி. ஸ்கேனோ உண்டு, அவற்றில் ஏதாவது தென்பட்டால் திரும்ப இந்தக் குழாய்க்குத்தான் வர வேண்டும். இவ்வளவும் மனதில் பதிந்தால்தான் புரிந்ததாக அர்த்தம்.

பரிசோதனைக்கு ஒப்புதல் தந்த பெண்ணின் கருப்பையையே எடுத்துவிட்டது தொடர்பான சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் கேட்டதும் இதைத்தான். சிகிச்சையின் தன்மை, பலன், இடர், மாற்று வழி, மறுத்தால் என்னாகும் எல்லாம் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தாமதிக்க முடியாத நிலை தவிர, பரிசோதனைக்கு மட்டும் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது என்றும் சொன்னது. அதனால் பாலிப் எடுப்பதற்கும் சேர்த்தே படிவத்தில் கேட்க வேண்டும்.

'புரிந்து தரும் ஒப்புதல்' என்பதே சரி. 'புரிந்து' என்றதும் 'யார்?' என்ற கேள்வி எழுகிறது, 'தரும்' என்றதும் அந்த ஆள் வந்து நிற்கிறார். பேச்சுவழக்காக இருக்கிறதே, கம்பீரம் போதாதே என்று சிலர் முகம் சுளிக்கலாம். நோயாளியிடம் மருத்துவர் "புரியுதா?" என்றுதானே கேட்கிறார்? அந்தச் சொல்லே படிவத்திலும் இருக்கட்டும்.