ரேஷன் புத்தகம் ஏன் மடிப்பில் உடைகிறது?

பழைய பெட்டியை ஒழிக்கும்போது, சான்றிதழ்களுக்கும் கடிதங்களுக்கும் நடுவே தாத்தா பாட்டி காலத்து, இரண்டாம் உலகப் போர்க்கால ரேஷன் புத்தகம் அகப்பட்டால் கை பரபரக்கும். நான்காக மடித்த தாளை உடனே விரிக்கத் தோன்றும். தயவுசெய்து விரிக்காதீர்கள். எண்பது ஆண்டு தாங்கிய தாள் அந்த ஒரு நொடியில் மடிப்போடு இரண்டாகிவிடும்.

காரணம் காகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. காகிதத்தின் உடல் செல்லுலோஸ்: ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. மை பரவாமலிருக்க, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பைன் மரப் பிசினையும் அலுமினியம் சல்பேட்டையும் கூழில் சேர்த்தார்கள். அந்த அலுமினிய உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் துணை நிற்க, நீர் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கிறது. சிதைவிலிருந்து ஃபார்மிக், அசிட்டிக் போன்ற புதிய அமிலங்கள் பிறந்து, அறுப்பை இன்னும் விரைவாக்குகின்றன. இழைகள் முன்பே வளைந்து நைந்திருக்கும் இடம் மடிப்பு. அதனால்தான் அங்கே முதலில் உடைகிறது.

போர் இதை மோசமாக்கியது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயைத் தாக்கியதும் பிரிட்டனுக்கு அங்கிருந்து வந்த மரக்கூழ் நின்றது. வைக்கோலும் பழைய காகிதமும் கூழாயின. திரும்பத் திரும்ப அரைபட்ட இழை குட்டையாகிவிடும், குட்டை இழைக்குப் பிடிமானம் குறைவு.

மலிவான மரக்கூழில், மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளும் தங்கிவிடும். ஒளியும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும். பழைய தாளில் வரும் லேசான வெனிலா மணமும் லிக்னின் சிதைவதால்தான். ஆனால் எல்லாப் பழுப்பும் முதுமை அல்ல. பிரிட்டனில் பெரியவர்களின் புத்தகம் அச்சாகும்போதே வெளிர் பழுப்பு. கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சை, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீலம். விளிம்பையும், ஒளி படாத உட்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காலம் ஏற்றிய நிறம் எது, அச்சகம் தந்தது எது என்று புரிந்துவிடும்.

எனக்கு மிகுந்த அச்சம் தருவது ஈரத்துணி. அந்நாளில் அலுவலகங்களில் புழங்கிய அழியாப் பென்சிலில் கிராஃபைட்டோடு ஊதாச் சாயமும் கலந்திருந்தது. காய்ந்திருக்கும் வரை சாதாரணச் சாம்பல் கோடு. ஒரு துளி நீர் பட்டாலும் ஊதாவாகப் பொங்கிப் பக்கம் முழுவதும் பரவும், திரும்ப எடுக்க முடியாது. துடைத்துச் சுத்தப்படுத்துகிறேன் என்று யாரும் இறங்கக்கூடாது. ஒட்டுநாடாவும் வேண்டாம், அதன் பசை நாளடைவில் பழுத்து எண்ணெய்க் கறையாகக் காகிதத்துக்குள் இறங்கும். லேமினேஷன் அதைவிடக் கேடு. துருப்பிடித்த குண்டூசியின் இரும்பும் செல்லுலோஸ் சிதைவைத் தூண்டுகிறது. குண்டூசி எளிதாக வராவிட்டால் இழுக்காதீர்கள், ஆவணப் பாதுகாப்பாளரிடம் விட்டுவிடுங்கள்.

தாளுக்கு அடியில் கெட்டி அட்டையை நுழைத்துத் தூக்குங்கள். கால்சியம் கார்பனேட் சேர்த்த அமிலமற்ற உறையில், குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் வையுங்கள். வெப்பம் குறைந்தால் அமிலத்தின் வேலையும் மெதுவாகும்.

அதற்கு முன் படமெடுத்துவிடுங்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போல் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறுமையாகத் தெரிந்த கட்டத்தில் நிழல்கள் எழும். எழுத்து மங்கியிருக்கலாம், ஆனால் கடைக்காரர் கூப்பனை ரத்து செய்யப் பென்சிலை அழுத்தி இழுத்த பள்ளம் அப்படியே இருக்கும்.