பால்வினை நோய்த் தடுப்புக்கு அரசு மானியம்: சங்கம் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

ஒரு மத்தியானம், பாளையங்கோட்டையில் நான் சங்கங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அறைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். கையில் மஞ்சப்பை. உள்ளே சங்கப் பதிவுச் சான்று, மினிட் புத்தகம், ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டு. மூத்தவர்தான் பேசினார். இளையவர் படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டாலே வாசலைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எய்ட்ஸ் ஆபீசுல எங்கள மாதிரி சங்கத்துக்கு மானியம் தருவாங்களாம்லா. ஒரு பிராஜெக்ட் எழுதித் தாங்க."

"சங்கம் பதிஞ்சு எத்தன வருசம் ஆச்சு?"

"பதினோரு மாசம்."

அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். 'பால்வினை நோய்த் தடுப்பு மானியம்' என்று தனியாக ஒரு தலைப்பைத் தேடினால் கிடைக்காது. அந்தப் பணம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்குள் இருக்கிறது. காரணம் எளிது. கிரந்தியும் (சிஃபிலிஸ்) வெட்டையும் (கொனோரியா) பரவும் அதே வழியில்தான் எச்.ஐ.வி.யும் பரவுகிறது. பிறப்புறுப்பில் புண்ணோ சீழோ இருந்தால் எச்.ஐ.வி. உள்ளே நுழைவது இன்னும் சுலபம். அதனால் இரண்டுக்கும் ஒரே ஆட்கள், ஒரே பணம். 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். 1992-ல் தேசியத் திட்டம் தொடங்கியது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவானது. இதற்கென ஒரு மாநிலம் தனிச் சங்கம் வைத்தது அதுவே முதல் முறை, பிற மாநிலங்கள் பிறகு அதே வழியில் வந்தன.

திட்டத்துக்கான முழுச் செலவும் மத்திய அரசுடையது. 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான ஐந்தாம் கட்டத்துக்கு நாடு முழுக்க 15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். டெல்லியில் இருக்கும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவிலிருந்து எழும்பூரில் உள்ள மாநிலச் சங்கத்துக்கு, அங்கிருந்து ஒப்பந்தம் போட்ட அமைப்புக்கு என்பதுதான் பணத்தின் பாதை. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் இது கிடைக்காது. மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகு கண்காணிக்கும், கூட்டம் போடும், வழி சொல்லும். மானியம் கொடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

அமைப்புகளுக்கு இந்தப் பணம் வரும் வழியை 'இலக்கு மக்களுக்கான தலையீட்டுத் திட்டம்' என்பார்கள். களத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, டி.ஐ. என்றால் போதும். பாலியல் தொழில் செய்யும் பெண்கள், ஆண்களோடு உறவுள்ள ஆண்கள், திருநங்கையர், ஊசி மூலம் போதை எடுப்பவர்கள் ஆகியோர் முதல் வரிசை. லாரி ஓட்டுநர்களும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் அடுத்த வரிசை. நம் பக்கத்தில் இந்த இரண்டாம் வரிசையை லேசாக எண்ண முடியாது. நான்குவழிச் சாலை கங்கைகொண்டான், நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று நெல்லை மாவட்டத்தின் நீளத்துக்கும் ஓடுகிறது. இரவில் அதன் ஓரம் லாரிகள் நிற்கும். சிப்காட்டிலும் கட்டட வேலையிலும் இந்தி பேசும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள்.

விழிப்புணர்வு ஊர்வலம், கல்லூரியில் பேச்சுப் போட்டி, சிவப்பு ரிப்பன் குத்தி ஒரு போட்டோ. இதற்கெல்லாம் வேறு தலைப்பில் சிறு தொகை வரலாம். டி.ஐ. மானியம் இதற்கானது அல்ல. என்னிடம் வரும் திட்ட அறிக்கைகளில் பாதிக்கு மேல் ஊர்வலத்தோடுதான் ஆரம்பிக்கின்றன. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொல்வேன்.

அப்படியென்றால் பணம் எதற்கு? களத்தில் இறங்கி நடப்பதற்கு. சுருக்கமாக அவ்வளவுதான். அந்த மக்களிலிருந்தே ஒருவரை 'பியர்' என்று எடுப்பார்கள், தமிழில் சக கல்வியாளர். பாலியல் தொழில் செய்வோருக்கான திட்டத்தில் ஏறத்தாழ 60 பேருக்கு ஒரு பியர் என்பது கணக்கு. ஊசிப் போதைத் திட்டத்தில் 40 பேருக்கு ஒருவர். அவர்களுக்கு மேலே களப்பணியாளர், ஆலோசகர், கணக்கும் அறிக்கையும் பார்க்கும் ஒருவர், திட்ட மேலாளர்.

வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு பியரோடு ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறேன். தோளில் பழைய ஹேண்ட்பேக், உள்ளே நிரோத் பாக்கெட்டுகள், ஒரு கட்டம் போட்ட நோட்டு. நோட்டில் பெயரே கிடையாது, எண்கள் மட்டும். 17 என்றால் யார் என்று அவருக்குத்தான் தெரியும். "17 வாரத்துக்கு மூணு நாளு வருவா, அவளுக்கு எண்ணிக் குடுக்கணும். 22 இப்ப இங்க வாரதில்ல, எல்லாம் போன்லதான்" என்றார். ஒவ்வொருவரும் வாரத்துக்கு எத்தனை பேரைச் சந்திக்கிறார், எத்தனை ஆணுறை தேவை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனைக்குப் போனாரா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரந்திக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் கொடுத்தாரா என்பதெல்லாம் அந்தக் கட்டங்களில் இருந்தது. டீ ஆறும் வரை பேச்சு மகளின் பரீட்சை பற்றி. கடைசி வாய்க்குத்தான் "அப்புறம், இந்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டார். மானியத்தில் பெரும்பங்கு இந்தப் பேச்சுக்குத்தான் செலவாகிறது. மதிப்பூதியம், பயணப்படி, ஆலோசகர் சம்பளம், ஒரு சின்ன அறைக்கு வாடகை, கூடி உட்கார ஓர் இடம் என்று தலைப்புகள் பிரியும். ஆணுறை, பரிசோதனைப் பொருட்கள் முதலியவை பெரும்பாலும் பொருளாகவே வரும். அவற்றுக்கான இருப்புப் பதிவேட்டை ரொக்கப் புத்தகத்தைப் போலவே எழுத வேண்டும்.

சிகிச்சைப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் காலத்தை விடுகிறார்கள். சிறுநீர் எரிந்தால் 'சூடு' என்று இளநீர் குடிப்பது, வெந்தயம் முழுங்குவது. தொடை இடுக்கில் கட்டி வந்தால் 'அரையாப்பு' என்று பத்துப் போடுவது. பிறகு மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் கொடுப்பது. அரசு மருத்துவமனையில் இதே நோய்க்கு இலவசமாகப் பெட்டி பெட்டியாக மருந்து இருக்கிறது. அறிகுறியை வைத்து ஏழு நிறங்களில் பிரித்திருக்கிறார்கள். ஆணுக்குச் சீழ் வடிந்தால் சாம்பல் நிறம், பெண்ணுக்கு வெள்ளைப்படுதல் என்றால் பெரும்பாலும் பச்சை, கொப்புளம் இல்லாத புண்ணுக்கு வெள்ளை, கொப்புளம் கொப்புளமாக வரும் அக்கிக்குச் சிவப்பு, அரையாப்புக்குக் கறுப்பு. ஆரம்ப நிலைக் கிரந்திக்கு ஒரே தடவை போடும் பென்சிலின் ஊசி போதும். துணைக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் போன நோய் திரும்பி வரும். பெண்களுக்கு வெட்டை பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாது. மூன்று மாதப் பரிசோதனை என்று வைத்திருப்பது அதற்காகத்தான்.

இந்த சிகிச்சைப் பிரிவுக்குத் தமிழ்நாட்டில் 'சுகவாழ்வு மையம்' என்று பெயர். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 'நம்பிக்கை மையம்'. பலகையைப் பார்த்து வாசலில் நிற்பவர் ஊகிக்க முடியாதபடி யோசித்து வைத்த பெயர்கள். ஆனாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் ஊர்க்காரர் யாராவது எதிரே வந்துவிடுவார் என்ற பயம் பெயரால் போவதில்லை. கூடவே பியர் ஒருவர் வந்தால் கொஞ்சம் போகிறது.

சரி, தகுதிக்கு வருவோம். அமைப்பு சங்கச் சட்டத்திலோ அறக்கட்டளையாகவோ லாபநோக்கற்ற கம்பெனியாகவோ பதிவாகியிருக்க வேண்டும். பொதுவாகப் பதிவாகி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை வேண்டும். அமைப்பின் பெயரில் பான் எண், நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு எண். இந்தத் தர்ப்பண் எண் இலவசம், வீட்டில் உட்கார்ந்தே போடலாம். இதற்கு 5,000 ரூபாய் வாங்கும் இடைத்தரகர்களை எனக்குத் தெரியும். வேறு எந்த அரசுத் துறையின் கறுப்புப் பட்டியலிலும் பெயர் இருக்கக்கூடாது. அந்த மக்களே நடத்தும் அமைப்புகளிடம் திட்டங்களைக் கொடுக்க வேண்டும் என்பது 2007-ல் தொடங்கிய மூன்றாம் கட்டத்திலிருந்தே கொள்கை. அதனால் திருநங்கையரோ பாலியல் தொழில் செய்வோரோ நடத்தும் சங்கம் என்றால், அறிவிப்பில் ஆண்டு வரம்பு பற்றிய வரியை இரண்டு தடவை படியுங்கள்.

அறிவிப்பு வரும் வரை விண்ணப்பிக்க முடியாது என்பதும் பலருக்குத் தெரியாது. இந்த மாவட்டத்தில் இன்ன மக்களுக்கு அமைப்பு தேவை என்று மாநிலச் சங்கம் விளம்பரம் செய்யும்போதுதான் கதவு திறக்கும். முதலில் காகிதங்களைப் பார்ப்பார்கள். அதில் தேறினால் குழு நேரில் வரும். அவர்கள் அலுவலகத்து பீரோவைப் பார்ப்பதைவிட, "எந்த இடத்துல எத்தன பேரு, எந்த நேரத்துல?" என்று கேட்பது அதிகம். இடவாரியாக ஒரு வரைபடம் போட்டு, காலை மாலை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. என் அனுபவத்தில் அழகாக எழுதிய 80 பக்க அறிக்கையோடு போனவர்கள் இந்த ஒரு கேள்வியில் விழுந்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்பு படித்த தலைவி ஒருவர் விரல்விட்டு எண்ணிச் சொல்லி ஜெயித்திருக்கிறார்.

பணம் மொத்தமாக வராது, தவணை தவணையாக வரும். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு. முதல் தவணைக்குச் செலவுப் பட்டியல் கொடுத்தால்தான் அடுத்தது. ஆண்டு முடிந்ததும் தணிக்கையாளர் கையெழுத்தோடு பயன்பாட்டுச் சான்று. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 12-ஏ என்ற படிவம் இதற்கானது. வங்கியில் கிடந்த பணத்துக்கு வந்த வட்டி சங்கத்தின் வருமானம் அல்ல, அரசுக்குத் திருப்ப வேண்டியது. மானியத்தில் வாங்கிய கம்ப்யூட்டரை அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது. செலவழியாத தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்வதற்கும் மேலே எழுதிக் கேட்க வேண்டும்.

சிக்கல் பெரிய தொகையில் வருவதே இல்லை. டீயில்தான் வரும். மஞ்சப்பைக்காரம்மா அன்றைக்கே கேட்டுவிட்டார்: "டீ குடிச்சதுக்கு எவன் அண்ணாச்சி பில்லு தருவான்?" யாரும் தரமாட்டான். அதற்கு வழி, நீங்களே வவுச்சர் எழுதுவது. தேதி, இடம், கூட்டத்தின் நோக்கம், எத்தனை பேர், தொகை, கடைக்காரரிடம் ஒரு கையெழுத்து, வந்தவர்களின் எண்கள். அன்றன்றைக்கு எழுத வேண்டும். மார்ச் 28-ஆம் தேதி ராத்திரி ஒரே பேனாவில் 40 வவுச்சர் எழுதினால், மையின் நிறமே காட்டிக்கொடுக்கும்.

தவணை தாமதமாவதும் உண்டு, மறைப்பானேன். நான் கணக்குப் பார்த்த ஒரு அமைப்புக்கு ஒருமுறை ஐந்து மாதம் பணம் வரவில்லை. பியர்கள் இரண்டு பேர் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார்கள். பணம் வந்த பிறகு புது ஆட்களைப் போட்டார்கள். ஆனால் அந்த 120 பேரின் எண்களுக்குப் பின்னால் இருந்த முகங்கள் போனவர்களுக்குத்தான் தெரியும். கைவசம் மூன்று மாத மதிப்பூதியத்துக்காவது சொந்தப் பணம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்று நான் சொல்வது அந்த ஐந்து மாதத்தைப் பார்த்ததால்தான்.

போலீஸ் விஷயம் ஒன்று. பையில் ஆணுறை வைத்திருந்ததற்காகவே பியரை நிறுத்தி விசாரிப்பது இன்றைக்கும் நடக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, தொற்று அபாயத்தைக் குறைக்கச் செய்யும் இத்தகைய வேலை குற்றமாகாது என்கிறது. 5-ஆம் பிரிவு, ஒருவரின் சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை கூடாது என்கிறது. 8-ஆம் பிரிவு, சம்மதமில்லாமல் அவரது நிலையை வெளியே சொல்வதைத் தடுக்கிறது. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். அதே 8-ஆம் பிரிவு உங்களையும் கட்டும். கூட்டத்துக்கு வந்தவர்களைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் போடுவது, நன்கொடையாளரிடம் பெயர்ப் பட்டியல் காட்டுவது எதுவும் ஆகாது.

வேறு வழிகளும் உண்டு. கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதிக்குப் போனால் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும், 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம். வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு. அதற்கும் மூன்று ஆண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் நற்பணிச் செலவும் காட்ட வேண்டும். சின்னச் சங்கத்துக்கு அது எட்டாத உயரம்.

பதினோரு மாதச் சங்கத்துக்கு நான் சொன்ன வழி வேறு. ஏற்கெனவே டி.ஐ. நடத்தும் அமைப்பைக் கேட்டுப் போங்கள். மாவட்டத்தில் யார் நடத்துகிறார்கள் என்பதை நம்பிக்கை மைய ஆலோசகரே சொல்வார், 1097 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். பியராகச் சேருங்கள். உங்கள் சங்கக் கணக்கை, வரவு 300 ரூபாய் சந்தாவாகவே இருந்தாலும், ஒவ்வொரு ஆண்டும் தணிக்கை செய்து வையுங்கள்.

இளையவர் அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறந்தார். "தணிக்கைக்கு எவ்வளவு ஆகும்?"

சொன்னேன். மூத்தவரைப் பார்த்தார். மஞ்சப்பையிலிருந்து ரசீதுக் கட்டை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.