உயிரணுப்புற நுண்பை

உயிரணு ஒன்று உருவாக்கி வெளியே விடுகின்ற, கொழுப்புப் படலம் சூழ்ந்த, தானாகப் பெருக இயலாத மிகச் சிறிய பைக்கு ‘எக்ஸ்ட்ராசெல்லுலர் வெசிக்கிள்’ என்று பெயர். பெயரின் பின்பாதி, சிறுநீர்ப்பையைக் குறிக்கும் ‘வெசிக்கா’ என்ற இலத்தீன் சொல்லின் குறுமை வடிவமான ‘வெசிக்குலா’விலிருந்து வந்தது; ஆகவே வேர்ச்சொல்லின் பொருளே சிறு பைதான்.

1967இல் பீட்டர் வுல்ஃப் இரத்தத்தட்டுகளிலிருந்து (தட்டணுக்களிலிருந்து) உதிரும் இத்தகைய துணுக்குகளைத் ‘தட்டணுத் தூசி’ என்றே குறிப்பிட்டார். 1980களில் ‘எக்சோசோம்’ என்ற பெயர் பரவியது. ஆயினும் அப்பெயர் உயிரணுவின் உள்ளறைகளில் தோன்றி வெளியேறும், ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள ஒரு வகைக்கே பொருந்தும், போதாததற்கு, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் புரதக் கூட்டமைப்பு ஒன்றுக்கும் அதே பெயர் உண்டு. எனவே தோற்றுவாய் உறுதிப்படாதவிடத்துப் பொதுப்பெயரையே ஆள்வது முறையாகும்.

‘வெசிக்கிள்’ என்பதைத் தமிழில் ‘குமிழி’ என்றும் ‘கொப்புளம்’ என்றும் எழுதுவோர் உளர். குமிழி என்றதும் காற்றும் வெறுமையுமே நினைவுக்கு வருகின்றன. கொப்புளமோ தோல் நோயை நினைவூட்டுகிறது. இந்த நுண்பைகள் வெறுமையானவை அல்ல என்பதற்குக் காயமுற்ற எலி நுரையீரலைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் நல்ல சான்று. கதிர்வீச்சால் காயப்படுத்தப்பட்ட நுரையீரல் திசு வெளியிட்ட நுண்பைகளை எலும்பு மச்சை உயிரணுக்கள் உள்வாங்கியபோது, நுரையீரலுக்கே உரிய பரப்பிழுவிசை குறைக்கும் புரதங்களின் மரபணு வெளிப்பாடு அவற்றில் காணப்பட்டது. நுண்பை தன்னுள் சுமந்து வந்த, புரதம் ஆக்கும் குறிப்பை ஏந்திய தூது ஆர்.என்.ஏ. இதற்கு ஒரு காரணம். பெற்றுக்கொண்ட உயிரணுவே தன் மரபணுக்களிலிருந்து புதிதாகப் படியெடுக்கத் தூண்டப்பட்டது மற்றொன்று. ஒன்றை இட்டுக் கொண்டுசெல்வது பையின் தொழில் என்பதால், ‘பை’ என்ற சொல் இங்கு வேர்ப்பொருளுக்கும் வினைக்கும் ஒருசேரப் பொருந்துகிறது.

உயிரணுவுக்கு வெளியே உள்ள என்று பொருள்படும் ‘எக்ஸ்ட்ராசெல்லுலர்’ என்ற அடைமொழியில்தான் சிக்கல். செல்லைக் ‘கலம்’ என்று கொண்டு ‘கலப்புற நுண்பை’ என்று ஆக்கினால், படிப்பவர் அதைக் ‘கலப்பு உற’ என்று பிரித்துவிடக்கூடும். ‘புறக்கலம்’ என்று மாற்றினாலோ வெளிப்புறத்து உயிரணு என்று பொருள் திரிகிறது. ‘உயிரணுப்புற நுண்பை’ சற்று நீளமெனினும் ஐயத்துக்கு இடந்தராது. நுரையீரலைப் பற்றி எழுதுகையில் ‘நுண்’ என்ற முன்னொட்டை விட்டுவிடலாகாது. அங்கே ‘காற்றுப்பை’ என்ற பெயரில் வேறோர் உறுப்பு ஏற்கெனவே உள்ளது.