கோட்டைக் கீறியது யார்?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கிளினிக் ஒன்றுக்கு மாமியைக் கூட்டிப் போயிருந்தேன். உயரம் 160 செ.மீ., எடை 62 கிலோ. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற பிஎம்ஐ, அதாவது உடல் நிறைச் சுட்டெண், 24.2. சுவரில் தொங்கிய அட்டவணையில் 25 வரைக்கும் பச்சை. மாமிக்குச் சந்தோசம். டொக்டரோ, "எங்கட ஆக்களுக்கு 23 தாண்டினாலே கவனம் வேணும்" என்றார்.

ஒரே உடம்பு, இரண்டு தீர்ப்பு. எப்படி?

இந்தச் சூத்திரத்தை 1830களில் தந்தவர் பெல்ஜியத்து வானியலாளர் கெட்டலே. அவர் தேடியது 'சராசரி மனிதனை', கொழுப்பை அல்ல. பிறகு எடையில் அக்கறை காட்டியவை ஆயுள் காப்புறுதிக் கம்பனிகள்; யார் முந்திச் சாவார் என்பது அவற்றுக்குப் பணக் கணக்கு. 1972இல் அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டிய ஆய்வில் அளக்கப்பட்டவர்களும் ஆண்கள்தான். மாமி மாதிரி ஒருத்தர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

பிஎம்ஐ கூடக்கூட நீரிழிவு ஆபத்து சரிவுப் பாதைபோல மெல்ல ஏறுகிறது. 25இல் படிக்கட்டு எதுவும் இல்லை. 'அதிக எடை' என்கிற எல்லைக் கோட்டைக் கீழே இறக்கினால் சுகமாக இருப்பவரையும் பயமுறுத்துவோம். மேலே ஏற்றினால் சீனி வருத்தம் வரப்போகிறவரைத் தவறவிடுவோம். இரண்டில் எந்தப் பிழை மோசம் என்பதைத் தராசு சொல்லாது. அதை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். விழுமியம் நுழைகிற வாசல் அது. 1998இல் அமெரிக்கா ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்றிருந்த கோட்டை 25க்கு இறக்கியது. ஒரு கிராம் கூடாமலேயே கோடிக்கணக்கானோர் 'அதிக எடை' ஆனார்கள்.

அப்புறம் ஆசிய உடம்புகளையும் அளந்து பார்த்தார்கள். அதே பிஎம்ஐயில் நம்மவர்களுக்குக் கொழுப்புப் பங்கு அதிகம், அதுவும் வயிற்றைச் சுற்றி. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பழைய கோடுகளை அழிக்காமல், 23, 27.5 என்று எச்சரிக்கைப் புள்ளிகளைச் சேர்த்தது.

அதற்காக, அறிவியலே ஆளுக்கொரு கதை என்று கிளம்புபவர்களோடு எனக்கு ஒத்துவராது. இரத்தத்தில் சீனி யாருடைய விருப்பத்தையும் கேட்டு ஏறுவதில்லை. யாரை அளப்பது, எந்தப் பிழைக்குப் பயப்படுவது என்பதில்தான் நம் கை இருக்கிறது.

"அப்ப நான் குண்டா, இல்லையா?" என்றார் மாமி. டொக்டர் பதில் சொல்லாமல் அளவு நாடாவை எடுத்தார். ஆசியப் பெண்களுக்கு இடுப்பில் கோடு 80 செ.மீ. மாமி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.