‘தி’ எங்கே போடுவது? பேனாவைக் கேளுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 15 வருடமாக மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொண்டுவருபவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி ஆங்கிலத்தின் ‘தி’ (the) என்ற சொல்லையே போடாது. இன்னொன்று, தாளிப்பில் கடுகு போல எல்லா இடத்திலும் தூவிவிடும்.

சின்னச் சொல்தானே என்று விட்டுவிட முடியாது. என்னிடம் படித்த ஒருவர் ஒரு கம்பெனியில் சரக்கு வாங்கும் பிரிவில் இருக்கிறார். ஏற்கெனவே போட்டிருந்த பில்லைத்தான் கேட்க நினைத்தார். ஆனால் ‘ப்ளீஸ் செண்ட் எ பில்’ என்று மெயில் போய்விட்டது. வந்து சேர்ந்தது, புது எண்ணோடு இன்னொரு பில்! ‘தி பில்’ என்றிருந்தால், இருவரும் பேசிக்கொண்டிருந்த அதே பில் என்று புரிந்திருக்கும்.

தமிழில் ‘தி’ கிடையாது, அதனால்தான் நமக்கு வரவில்லை என்பார்கள். பாதிதான் சரி. ‘பேனா வாங்கினாள்’, ‘பேனாவை வாங்கினாள்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ ஒரு பேனா. இரண்டாவதைக் காதில் வாங்கியதுமே ‘எந்தப் பேனாவை?’ என்று கேட்கத் தோன்றும். அந்த ‘ஐ’ உருபு செய்கிற வேலையைத்தான் அங்கே ‘தி’ செய்கிறது: ‘ஷி பாட் எ பென்’, ‘ஷி பாட் தி பென்’. வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு அம்மா, “அப்ப இது எனக்கு முன்னாடியே தெரியும்ல சார்?” என்றார். தெரியும்தான்.

ஆட்களுக்கு இந்தச் சோதனை செல்லாது; ‘ஒரு பையனைப் பார்த்தேன்’ என்றாலும் ‘ஐ’ வந்துவிடும். எழுவாயிலோ ‘ஐ’க்கு இடமே இல்லை. அங்கே ‘அந்த’ சேர்த்துப் பார்க்கலாம். நிறுத்தத்தில் நிற்பவரிடம் ‘பஸ் வந்துடுச்சா?’ என்று கேட்கிறீர்கள். எந்த பஸ் என்று இருவருக்கும் தெரியும். அதனால் அது ‘தி பஸ்’.

பெயர்களுக்கு மட்டும் மனப்பாடம்தான் வழி. கடலூர், புதுச்சேரி, சில்வர் பீச் எல்லாம் வெறுமனே வரும். ஆற்றுக்கும் கடலுக்கும் வேண்டும்: ‘தி கெடிலம்’, ‘தி பே ஆஃப் பெங்கால்’. பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிக்கு வேண்டாம். ‘தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்’ என்று நடுவில் ‘ஆஃப்’ வந்தால் வேண்டும்.

பாண்டியிலிருந்து வருகிற, பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குக் கோளாறு நேர்மாறாக இருக்கும். பிரெஞ்சில் நாட்டின் பெயரே ‘லா ஃபிரான்ஸ்’. பொதுவாக வாழ்க்கை என்றாலும் ‘லா வி’. அந்தப் பழக்கத்தில் ‘தி லைஃப் ஈஸ் ஷார்ட்’ என்பார்கள். அவர்களுக்கு ‘தி’யை எடுக்கத்தான் நான் பாடம் நடத்த வேண்டும்.

அப்புறம் உச்சரிப்பு. இதுவரை வசதிக்காக எல்லா இடத்திலும் ‘தி’ என்றே எழுதினேன். ‘தி’யா ‘த’வா என்பதற்கு அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள்: உயிரொலி என்றால் ‘தி’, மெய்யொலி என்றால் ‘த’. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ (hour) என்னும் சொல்லில் முதலில் எழுதுகிற ‘எச்’ வாயில் வராது, அதனால் ‘தி அவர்’. யுனிவர்சிட்டி ‘யு’ (u) என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி யகரம்தான், அதனால் ‘த யுனிவர்சிட்டி’.