அச்சு நடைபாதை: தண்ணீரில்தான் தப்பு நடக்கிறது

போன சித்திரையில் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டுக் காட்டினார். தோட்டத்தில் பிளாஸ்டிக் அச்சு வைத்து அவரே போட்ட கான்கிரீட் நடைபாதை. பார்க்கக் கல் பாவியது போல அழகாக இருந்தது. குனிந்து விரலால் தேய்த்தேன். விபூதி மாதிரி சாம்பல் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"சிமெண்ட் கம்மியாயிடுச்சா சார்?" என்றார். ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்று சரியாகத்தான் போட்டிருந்தார். தப்பு தண்ணீரில். கலவை மூலை முடுக்கெல்லாம் இறங்கட்டும் என்று கலக்கும்போது தாராளமாக ஊற்றிவிட்டார். இறுகிய பிறகு சாயங்காலம் ஒரு தடவை தெளித்ததோடு சரி. சேலத்து வெயிலுக்கு அது எந்த மூலைக்கு?

இந்த விகிதத்துக்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்ச அளவு. ஈர மணலில் இருக்கும் தண்ணீரும் இதில் சேர்த்தி. அச்சு வேலைக்கு இன்னும் குறைவாகவே போதும். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய துளையாக நின்றுவிடும், மேல்பரப்பும் பொடியும். அச்சைத் தூக்கியதும் ஓரம் சரிந்து ஒரு கல்லோடு இன்னொரு கல் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் அதிகம் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு கைப்பிடி கலவையை எடுத்து அழுத்திப் பாருங்கள். கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக்கூடாது.

ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் அழுத்த வேண்டும். ஈரச் சிமெண்ட் கடும் காரம். தோலை அரிப்பது உடனே தெரியாது; சில மணி நேரம் கழித்துத்தான் எரியும். கலவையில் முட்டி போட்டு உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு பேண்ட் நனைந்து முட்டித் தோல் புண்ணாகியதைப் பார்த்திருக்கிறேன். பட்டால் துணியைக் கழற்றி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அடிமண்ணைத் திமிசு போட்டு இடித்து, நனைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காய்ந்த மண் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இரண்டு அங்குலக் கனம் மனிதர் நடக்கத்தான், கார் ஏற்றாதீர்கள்.

அப்புறம் கியூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்துப் பலப்பட விடுவது. இப்போது வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் வாங்குவது பிபிசி (PPC) என்கிற, சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் நனைந்த சாக்கு மேலேயே கிடக்க வேண்டும். சாக்கு காயவே கூடாது, அதுதான் கணக்கு.

ஏற்காட்டில் பனி மூட்டம் இருக்கிறதே என்று பலர் சாக்கையே விட்டுவிடுகிறார்கள். மத்தியானக் காற்றில் அங்கேயும் காயும். காப்பித் தோட்டச் சரிவில் அச்சைச் சாய்வாக வைக்காமல் படி வெட்டி ஒவ்வொன்றாகப் போடுங்கள். பாசி பிடிக்கும் ஊர் என்பதால் மேலே வழவழவென்று தேய்க்காமல், இறுகும் முன் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் மழையில் கால் வழுக்காது.