மீசை முளைத்த பிறகும் குழந்தைதானா?

போன வாரம் என் கிளினிக்குக்கு ஆட்டிசம் (பேசுவதும் பழகுவதும் மற்றவர்களிலிருந்து வேறுபடும் மூளை வளர்ச்சி நிலை) உள்ள ஒரு பையனை அழைத்து வந்தார்கள். 17 வயது. கன்னத்தில் விரல் தடம் வீங்கியிருந்தது. டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த பெண்ணின் தலையில் வைத்திருந்த மல்லிகைப் பூவைக் குனிந்து முகர்ந்திருக்கிறான். அந்தப் பெண் அலற, பக்கத்தில் நின்றவர்கள் நாலு சாத்து சாத்தி, பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். மதுரையில் மல்லிகை மணக்காத பஸ் ஏது? நாலு வயதிலிருந்தே அவன் இதைச் செய்கிறான். அப்போது அக்காக்களும் ஆன்ட்டிகளும் திரும்பிப் பார்த்துச் சிரித்து, ஒரு கண்ணி கிள்ளிக் கையில் கொடுப்பார்களாம். 13 வருடமாகச் சிரித்து வரவேற்ற ஒரு காரியத்துக்குத் திடீரென்று ஒரு நாள் அடி விழுந்தால் அவன் என்ன புரிந்துகொள்வான்?

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பதறித்தான் போயிருப்பேன்.

அம்மா அழுதுகொண்டே சொன்னார், "வயசுதான் மேடம் 17, மனசு நாலு வயசுக் குழந்தை." அடிபட்டு வந்த ஒரு பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு இதே வாக்கியத்தை நான் கேட்பது இந்த வருடத்தில் மூன்றாவது தடவை. 19 வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக, அதாவது அன்றாடக் காரியங்களைத் தானே செய்யப் பழக்குபவராக இருக்கிறேன், இதற்கு மேலும் எழுதாமல் இருப்பது தப்பு என்று பட்டது. (அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்த "மனசு நாலு வயசு" எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும். கட்டைகளை அடுக்கச் சொல்லி, படம் காட்டிக் கேள்வி கேட்டு, அதில் எடுத்த மதிப்பெண் சராசரியாக எந்த வயதுக் குழந்தை எடுக்கும் அளவு என்று அந்த வரி சொல்கிறது. அவ்வளவுதான். அது அந்தச் சோதனைக்கான கணக்கு, ஆளுக்கான கணக்கு இல்லை. நாலு வயதுக் குழந்தைக்குப் 17 வருட ஞாபகம் கிடையாது. இந்தப் பையனுக்கு மாட்டுத்தாவணி போகிற பஸ் நம்பரெல்லாம் மனப்பாடம். சித்தி மகள் கல்யாணத்துக்குத் தன்னை மட்டும் வீட்டில் விட்டுப் போனதும் தெரியும், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று அவன் அப்பாதான் சொன்னார். நாலு வயதுக் குழந்தைக்குக் குரல் உடையாது, மீசை முளைக்காது, ராத்திரி ஜட்டி நனையாது. பேச்சு வராவிட்டாலும், எழுத்து வராவிட்டாலும், ஊனச் சான்றிதழில் 40 சதவீதம் என்று இருந்தாலும் 90 சதவீதம் என்று இருந்தாலும், பருவம் மற்ற பிள்ளைகளுக்கு வருகிற வயதில்தான் வரும். நாம் அவனைக் குழந்தை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடம்பு பெரிய மனுஷன் ஆகிவிடுகிறது.

நம் ஊரில் நடப்பது இதுதான். இரண்டு மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டுபிடித்ததும் ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பெஷல் எஜுகேஷன் என்று ஓட்டமான ஓட்டம். சின்ன வயது அறிகுறிகளைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது, நான் திரும்ப எழுதவில்லை. ஒன்பது, பத்து வயதில் ஓட்டம் தளர்கிறது. கொஞ்சம் பேச்சு வந்திருக்கும், அல்லது இனி வராது என்று மனசு விட்டுப் போயிருக்கும், பணமும் தீர்ந்திருக்கும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த அலை அடிக்கப் போவது அந்த வயதில்தான், அப்போது கரையில் ஒருவரும் இருப்பதில்லை.

நன்றாகப் பேசுகிற, மார்க் வாங்குகிற பிள்ளைகளுக்கும் இது உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை ஓடிப்பிடித்து விளையாடினால் அது நட்பு. எட்டாம் வகுப்பில் நட்பென்றால் பேச்சு. கிண்டல், ரகசியம், சொல்லாமல் சொல்வது எல்லாம் அதில் அடக்கம், அங்கேதான் இவர்கள் தனியாகிறார்கள். பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள். 15, 16 வயதில் மன அழுத்தம் என்று டாக்டரிடம் போகும்போதுதான் ஆட்டிசமே தெரியவரும். வலிப்பு முதல்முறையாக வளரிளம் பருவத்தில் தொடங்குவதும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி நிலைகுத்திப் பார்த்தால் "அது அவன் ஸ்டைல்" என்று விட்டுவிடாமல் நியூராலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று அடிக்க, கடிக்கத் தொடங்கினாலும் முதலில் பல்வலி, காதுவலி, மலச்சிக்கலைப் பாருங்கள். யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்றும் பாருங்கள்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 15 வயது வரை அம்மா குளிப்பாட்டி, அத்தை உடை மாற்றி, வேன் டிரைவர் தூக்கி உட்கார வைத்து வளர்ந்த பிள்ளைக்கு, தன் உடம்பை யார் வேண்டுமானாலும் தொடலாம் என்பதுதான் பாடமாக இருக்கும். தப்பான கை படும்போது மட்டும் அது எப்படி வேறுபாடு காணும்? எங்கள் துறைக்கும் இதில் பங்கு உண்டு. சொன்னதைக் கேட்பதற்கு ஸ்டார் ஒட்டினோம், வேண்டாம் என்று தள்ளியதையெல்லாம் அடம் என்று எழுதினோம். "வேண்டாம்" என்பது அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே பூட்டு. சொல்லாகவோ, கையசைப்பாகவோ, படக் கார்டாகவோ அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 25 வயதில் செய்தால் அடி வாங்கித் தரும் எதையும் ஐந்து வயதில் ரசிக்காதீர்கள், மடியில் ஏறுவது, கன்னத்தைக் கடிப்பது எல்லாம் சேர்த்துத்தான். ஒன்பது வயதுக்குள் பாத்ரூம் கதவைத் தாழ் போடப் பழக்குங்கள், நீங்களும் தட்டிவிட்டு உள்ளே போங்கள். பெண் குழந்தைக்கு வயதுக்கு வருவதற்கு முன்பே பேடு வைத்துப் பழகச் சொல்லிக்கொடுங்கள், ஈர உணர்வு பழகுவதற்கே மாதங்கள் ஆகும். பையன் உறுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் கையில் சூடு வைக்காதீர்கள் (ஆமாம், வைத்து அழைத்து வந்திருக்கிறார்கள்). ஹால் கூடாது, கதவு சாத்திய உன் அறை சரி என்று இடத்தைக் கற்றுக்கொடுங்கள். அப்பாக்களே, ஷேவிங் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது, தயவுசெய்து அதையும் அம்மா தலையில் கட்டாதீர்கள். அப்புறம், 18 முடிந்தால் பெற்றவர்கள் தானாகவே சட்டப்படி கார்டியன் இல்லை. தேவைப்பட்டால், ஆட்டிசம் போன்ற நிலை உள்ளவர்களுக்கான நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பிக்கலாம், அந்தச் சட்டம் 1999-லிருந்தே இருக்கிறது.

வளர்ந்து என்ன செய்யப் போகிறான் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது டொனால்ட் டிரிப்லெட்டின் கதை. 1943-ல் குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதல் குழந்தை அவர்தான். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். கல்லூரி முடித்து, குடும்பத்துக்குத் தொடர்புள்ள வங்கியில் வேலை பார்த்தார். 27 வயதில் கார் ஓட்டக் கற்றார், கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகப் பயணம் போனார். 2023-ல் 89 வயதில் இறந்தார். வசதியான குடும்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசி வரை ஆட்டிசம் இருந்தது, ஆளும் வளர்ந்தார். ஊர் அவரைத் தெரிந்துவைத்துக்கொண்டு அப்படியே ஏற்றுக்கொண்டது.

அந்தப் பையனுக்கு இப்போது தினமும் காலையில் அம்மா அரை முழம் மல்லிகை வாங்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறார். பஸ்ஸில் மூக்கு தேடினால் டப்பாவைத் திற, பின் பக்கம் நில், இரண்டே விதி, இரண்டு படக் கார்டு. முந்தாநாள் நானும் கூடப் போனேன். பெரியார் நிலையம் வரை மூன்று தடவை டப்பாவைத் திறந்தான். இறங்கும்போது பூ கசங்கிக் கிடந்தது, கன்னத்தில் வீக்கம் வற்றியிருந்தது. கட்டுரையைப் படிக்கிற யார் வீட்டிலாவது எட்டு, ஒன்பது வயதில் ஒரு பிள்ளை இருந்தால், பாத்ரூம் தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.